காட்சியில் இல்லாதவர்கள்

லிபியக் கடற்கரையில், லெப்திஸ் மாக்னா துறைமுகத்தின் கலங்கரை விளக்கம் புகை கக்கிக்கொண்டிருந்தது. பளிங்குத் தூண்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. சந்தை மண்டபத்தில் இரண்டு பேர் எண்ணெய் ஜாடிகளை அடுக்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். பேரரசனின் வெற்றி வளைவுக்குக் கீழே ஓர் ஆப்பிரிக்க யானை சோம்பலாகக் காதை ஆட்டியது.

கண்ணாடியைக் கழற்றினால் இதில் எதுவும் கிடையாது. மணல்மேடு, உடைந்த தூண்கள், தூண் நிழலில் படுத்திருக்கும் ஒரு நாய், அவ்வளவுதான். ஆனால் ஒருத்தியைத் தவிர யாரும் கழற்றவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மொத்தக் கப்பலையும் பேசி எடுத்துக்கொண்டு வந்திருந்த முப்பது பயணிகளில் மற்ற எல்லாரும் வாயைப் பிளந்தபடி யானையைச் சுற்றி வந்தார்கள்.

காலக்கண்ணாடி என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்குச் சாதாரண மூக்குக்கண்ணாடிதான். இடிந்து கிடக்கும் நகரத்தை அது முழுசாக எழுப்பிக் காட்டும். அதன் காதோரக் கம்பிகள் அந்தக் காலத்துச் சந்தைக் கூச்சலைக் காதில் ஊற்றும். அந்தக் காலத்துக்குப் பொருந்தாத எதையும் கண்ணிலும் காதிலும் பட விடாது. பொள்ளாச்சி சென்னியப்பனின் பூப்போட்ட சட்டைகூட மற்றவர்கள் கண்ணுக்கு வெள்ளை ரோமானிய அங்கியாகத் தெரிந்தது. அதில் அவருக்குப் பெரிய சந்தோஷம். "ஏனுங்க, செனட்டர் மாதிரி இருக்கனா?" என்று எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒருத்திதான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உடைந்த கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். கும்பகோணத்துக் கல்லூரியில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற சௌந்தரவல்லி. அவளைத் திரும்ப அழைத்துப் போகக் கப்பலின் இரண்டாம் அதிகாரி பிரிஸ்கா கொரைரா வந்தாள். கூடவே வைரவனும் ஓடி வந்தான். அவன் காரைக்குடிக்காரன். கப்பலில் கண்ணாடிக் காட்சிகளுக்கு அவன்தான் பொறுப்பு.

"அம்மா, தயவுசெஞ்சு போட்டுக்கங்க. கழட்டினா எனக்கு இங்க மணி அடிக்குது. கம்பெனி என்னைத்தான் கேக்கும்" என்றான் வைரவன்.

"இடிஞ்சதை இடிஞ்சதாப் பாக்கணும்னு ஆசைப்பட்டு வந்தேன், தம்பி. அதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

வைரவன் பிரிஸ்காவைப் பார்த்தான். பிரிஸ்கா சிரித்துவிட்டாள். "வாங்கம்மா. காத்து திரும்பிட்டு. இப்பப் பாய் விரிச்சாதான் சிசிலிக்கு நேரத்துக்குப் போவ முடியும்" என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

பிரிஸ்காவுக்கு முப்பத்தெட்டு வயது. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, கடல்சார் கல்லூரியில் படித்து, சரக்குக் கப்பல்களில் உப்பும் துருவுமாக இருந்துவிட்டு, பாய்மரத்தின் மேல் இருந்த ஆசையால் இங்கே வந்து சேர்ந்தவள். கலிஸ்தா என்ற இந்தக் கப்பலுக்கு மூன்று பாய்மரங்கள். பாய்கள் பொத்தானுக்கு விரியும், பொத்தானுக்குச் சுருங்கும். சுக்கானைக் கணினி பிடித்துக்கொள்ளும். என்றாலும் காற்று பாயில் விழும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும் அந்த அசைவுக்காகவே மூன்று வருஷமாக இந்த வேலையில் இருந்தாள். மேல்தளத்தில் இருக்கும்போது அவளும் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். ஒப்பந்தம் அப்படி. கடலில் எதிரே எண்ணெய்க் கப்பல் வந்தால் கண்ணாடி அதை ரோமானியத் தானியக் கப்பலாகக் காட்டும். ஓரத்தில் தூரமும் வேகமும் எழுதி வரும். மோதாமல் விலகிப் போக அது போதும்.

கண்ணாடி இல்லாமல் கடலைப் பார்க்க உரிமை உள்ளவர் கப்பலில் ஒருவர்தான். கேப்டன் ஸ்தாவ்ரோஸ். கண்ணாடிச் சுவர் வைத்த சிறு அறையில், உள்ளதை உள்ளபடி காட்டும் திரைகளுக்கு முன்னால், யாரோடும் பேசாமல் அவர் உட்கார்ந்திருப்பார்.

*

மறுநாள் பிற்பகல். தெற்கத்திக் காற்று சீராக அடித்தது. பயணிகள் சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் சாய்ந்திருந்தபோது யாரோ "டால்ஃபின்! டால்ஃபின்!" என்று கத்தினார்கள். எல்லாரும் வலப்பக்கக் கைப்பிடிக்கு ஓடினார்கள்.

உண்மையிலேயே அழகுதான். இருபது முப்பது டால்ஃபின்கள், வெள்ளி முதுகுகள் மின்ன, ஒன்றன் மேல் ஒன்றாகத் துள்ளி விழுந்தன. கூட்டம் கை தட்டியது. சென்னியப்பன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

பிரிஸ்காவும் பார்த்தாள். தூத்துக்குடியில் அவற்றுக்கு ஓங்கல் என்று பேர். சின்ன வயதில் அப்பாவின் படகோடு போட்டி போட்டு ஓடி வரும். கப்பலைக் கண்டால் முகப்புக்கு வந்து, நுரைக்கு முன்னால் நீந்தி விளையாடும். இவை வரவில்லை. இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தன. கப்பல்தான் அவற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போது காற்றில் பெட்ரோல் வாசம் வந்தது.

கண்ணாடிக்குக் கண்ணையும் காதையும்தான் மறைக்கத் தெரியும், மூக்கை மறைக்கத் தெரியாது. பிரிஸ்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

டால்ஃபின்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிற ரப்பர் படகு ஒன்று பாதி காற்றிழந்து மடிந்து மிதந்தது. அதன் மேல் மனிதர்கள். ஆரஞ்சு நிறத் துணியை ஒருத்தி தலைக்கு மேல் சுழற்றினாள். சிலர் இரண்டு கையையும் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். அவர்களுடைய கூச்சலும் இப்போது கேட்டது. கடற்பறவைச் சத்தம் என்று இத்தனை நேரம் அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவளுக்குப் பின்னால் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிரிஸ்கா கேப்டனின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். திரையில் அந்தப் படகு தெளிவாகத் தெரிந்தது. ஸ்தாவ்ரோஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரிகிறது" என்றாள்.

"தெரிகிறது. கடலோரக் காவலுக்குச் செய்தி போய்விட்டது. நாம் நம் வழியில் போகிறோம்."

"அவர்கள் வருவார்களா?"

ஸ்தாவ்ரோஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு தடவை நான் நிறுத்தினேன்" என்றார். "ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். கப்பலைப் பறித்துக்கொண்டார்கள். என்னை உள்ளே வைத்தார்கள். அந்த ஐம்பது பேரையும் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் செய்ததால் யாருக்கு என்ன நன்மை? நீங்கள் எல்லாரும் டால்ஃபின் பார்க்கிறீர்கள். நான் மட்டும் ஒவ்வொரு மாதமும் இவர்களைப் பார்க்கிறேன். நம் இரண்டு பேரில் யார் கொடுத்துவைத்தவர், சொல்லுங்கள்."

"கப்பலை நிறுத்தப் போகிறேன்."

"நான் அப்படி உத்தரவு போடவில்லை."

"இந்த நேரத்தில் கப்பலை நடத்தும் முறை என்னுடையது. என்னைப் பூட்டி வைக்க வேண்டுமென்றால் வையுங்கள். கப்பல் நின்ற பிறகு."

அவள் வெளியே வந்து சுக்கான் மேடையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். கணினி கையை விட்டது. சக்கரத்தை முழு மூச்சோடு காற்றுக்கு எதிராகச் சுற்றினாள். மூன்று மரத்துப் பாய்களும் படபடவென்று அடித்துக்கொண்டன. தளம் சரிந்து நிமிர்ந்தது. நாற்காலிகள் உருண்டன. பயணிகள் அலறிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தார்கள்.

வைரவன் வெளிறிப்போய் ஓடி வந்தான். "மேடம், என்ன பண்றீங்க?"

"அங்க என்ன தெரியுது உங்களுக்கு?"

"டால்ஃபின்."

"கழட்டிப் பாருங்க."

அவன் கழற்றினான், பார்த்தான். பிறகு தளத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று பிரிஸ்கா கேட்டாள்.

"சத்தியமா யாரும் இப்படிச் செய்யச் சொல்லல மேடம். பொருந்தாததை மாத்திப் போடுன்னு மட்டும்தான் மிஷினுக்குச் சொல்லியிருக்கு. பெரிய கப்பல்னா தானியக் கப்பல். ரேடியோ இல்லாம, பேரு இல்லாம, சின்னதா எதாவது கூட்டமா அசைஞ்சா அதை மிருகம்னு எடுத்துக்கும். ஒரு தடவை டால்ஃபின் போட்டிருக்கு. ஜனங்க கை தட்டியிருக்காங்க. அவங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு அதுவாக் கத்துக்கிட்டுத் திரும்பத் திரும்ப அதையே போடுது."

"நான் கேட்டது அது இல்ல."

வைரவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இந்தக் கடல்ல இத்தனை டால்ஃபின் எப்படின்னு தோணுச்சு. நான் கேக்கல."

மூன்று வருஷம். பிரிஸ்காவும் கேட்டதில்லை. எத்தனை பயணத்தில் எத்தனை முறை டால்ஃபின் பார்த்தோம் என்று மனம் எண்ணத் தொடங்கியது. அதை அங்கேயே நிறுத்தினாள். எண்ணிக்கொண்டிருக்க இப்போது நேரம் இல்லை.

"எந்திரிங்க, தம்பி. எல்லாருக்கும் காட்சிய அணைங்க."

"வேலை போயிரும்."

"போவட்டும்."

அவன் எழுந்தான். இடுப்பில் தொங்கிய சிறு பலகைக் கணினியைக் கையில் எடுத்தான். அணைத்தான்.

கைத்தட்டல் சட்டென்று நின்றது. ரோமானிய அங்கிகள் மறைந்து, பட்டுப் புடவைகளும் பூப்போட்ட சட்டைகளும் திரும்ப வந்தன. முப்பது பேரும் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண்மணி, "ஐயோ, நம்ம கை தட்டினோமே" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சென்னியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங்க அம்மிணி, பாவந்தானுங்க. ஆனா நம்ம சுத்திப் பாக்க வந்தவிங்க. இதெல்லாம் அரசாங்கம் பாக்க வேண்டியதில்லீங்களா?"

"அரசாங்கம் பாக்குற வரைக்கும் அவங்க மிதப்பாங்களா?" என்றாள் சௌந்தரவல்லி. அவள் ஏற்கெனவே கைப்பிடி ஓரமாக நின்று, தன் சால்வையைக் கழற்றிப் படகில் இருந்தவர்களை நோக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டோம் என்று சொல்வதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஸ்தாவ்ரோஸ் அறையை விட்டு வெளியே வந்தார். தன் பயணிகள் எல்லாரும் வெறும் கண்ணோடு வரிசையாக நின்று கடலைப் பார்ப்பதைப் பார்த்தார். பிரிஸ்கா சக்கரத்தை விடாமல் அவரையே பார்த்தாள்.

"முப்பது பேர் பார்த்துவிட்டார்கள்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "இனிமேல் நான் பார்க்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?" பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்புப் படகின் கயிற்றை அவிழ்க்கத் தானே போனார்.

*

படகில் இருந்த முப்பது பேரையும் ஏற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிரிஸ்கா மீட்புப் படகில் மூன்று தடவை போய் வந்தாள். தொட்ட கைகளில் எல்லாம் உப்பும் பெட்ரோலும் ஊறித் தோல் வெந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பெண்கள் தங்கள் அறைகளைத் திறந்துவிட்டுப் புடவைகளையும் போர்வைகளையும் கொண்டுவந்து போர்த்தினார்கள். சமையலறையில் ரசம் கொதித்தது.

ஆரஞ்சுத் துணியைச் சுழற்றியவளின் பெயர் ஹனான். சூடானில் பள்ளி ஆசிரியை. உதடு வெடித்திருந்தாலும் நிதானமாக ஆங்கிலம் பேசினாள். ரசத்தைக் குடித்து முடித்துவிட்டுச் சௌந்தரவல்லியைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"நேற்றும் வேறொரு கப்பல் வந்தது. இதே போல வெள்ளைப் பாய்கள். மிகவும் பக்கத்தில் வந்தது. மேலே இருந்தவர்களின் முகம்கூடத் தெரிந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்துக் கை தட்டினார்கள். நின்றுவிடுவார்கள் என்று நினைத்து என் அண்ணன் தண்ணீரில் குதித்து நீந்தினான். அவர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவன் திரும்பி வரவில்லை. ஏன் கை தட்டினார்கள் என்று யாராவது எனக்குச் சொல்ல முடியுமா?"

முப்பது வருஷம் வகுப்பெடுத்த சௌந்தரவல்லி தன் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வைரவன்தான் சொன்னான். அதுவும் கம்பெனியின் கப்பல்தான் என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஹனான் கேட்டு முடித்தாள். அவன் சட்டைப் பையில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப அவன் பையிலேயே வைத்தாள்.

சிறிது நேரத்தில் ரேடியோவில் கரையிலிருந்து உத்தரவு வந்தது. சுற்றுலாப் பயணிகள் திட்டப்படி இறங்கலாம். மற்றவர்களில் ஒருவரை இறக்கினாலும் கப்பல் பறிமுதல். அவர்களை வந்த திசைக்கே கொண்டுபோய்விட வேண்டும்.

"அன்று எனக்கும் இதையேதான் சொன்னார்கள்" என்றார் ஸ்தாவ்ரோஸ். "சட்டத்தில் ஒரே ஓர் ஓட்டை இருக்கிறது. மண்ணில் கால் வைத்து, தன் வாயால் அடைக்கலம் கேட்டவரை விசாரிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது. கடலில் இருப்பவரைத்தான் முடியும். அதனால்தான் கால் வைக்க விடுவதில்லை. கரையில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தி இருக்கிறாள். வண்டியோடு வந்து நிற்பாள். ஆனால் துறைமுக வாசலை எப்படித் தாண்டுவது?"

"துறைமுகத்துக்கு ஏன் போகணும்?" என்றான் வைரவன்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"நாளைக்குக் காலையில நமக்கு சிசிலியில செலினுந்தே கோயில் இடிபாடுங்க. அங்க கம்பெனியோட சொந்தத் துறை. உள்ள இருக்கற எல்லாரும், வாசல் காவல்ல இருந்து அதிகாரி வரைக்கும், கண்ணாடி போட்டுத்தான் இருப்பாங்க. அவங்க யாரும் ஆளைப் பாக்கறதில்ல. கண்ணாடி போட்டிருக்கறது யாரா இருந்தாலும் அவங்க கண்ணுக்கு அங்கி போட்ட சுற்றுலாப் பயணிதான். உள்ள நுழைஞ்சா கோயில்களைத் தாண்டி அந்தப் பக்கத்து வாசல் வழியா நேரா ரோட்டுக்குப் போயிரலாம்."

"கண்ணாடி போடாதவிங்க?" என்று சென்னியப்பன் கேட்டார்.

வைரவன் தயங்கினான். "அந்தத் துறையில, கட்டியிருக்கற கப்பல் உட்பட, அவங்க காட்சியிலயே இருக்க மாட்டாங்க; நடுக்கடல்லயும் லெப்திஸ்லயும் இந்த விதி கிடையாது. அங்க பெருக்கறவங்க, கல்லு சுமக்கறவங்க, கக்கூசு கழுவறவங்க யாருக்கும் கண்ணாடி குடுக்கறதில்ல. அவங்க இருந்தா காட்சி கெட்டுப்போகும்ல. மிஷின் அவங்களை அழிச்சிரும். மேல இடிச்சுக்காம இருக்க ஒரு நெழல் மட்டும் காட்டும். சத்தம்கூடக் கேக்காது."

சௌந்தரவல்லி தன் கண்ணாடியை எடுத்து ஹனானின் கையில் வைத்தாள்.

"யோசிச்சுச் செய்யணுங்க" என்றார் சென்னியப்பன். "ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொருத்தர் பேர்ல பதிஞ்சிருக்குது. நாளைக்குப் போலீசு வந்து கேட்டா?"

"கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லுவேன்" என்றாள் சௌந்தரவல்லி. "பேரைக் கேட்டா பேரையும் சொல்லுவேன். இந்த வயசுல என்னை எங்க கொண்டுபோய் வைப்பாங்க? அங்கயும் ஜன்னல் இருக்கும். இடிஞ்சது எதாவது தெரியும்."

பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். சிலர் உடனே கொடுத்தார்கள். சிலர் புருஷனோடு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்து கொடுத்தார்கள். சென்னியப்பன் மட்டும் கண்ணாடியைக் கொடுக்காமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

*

காலையில் கலிஸ்தா செலினுந்தே துறையில் வந்து நின்றது. மேட்டின் மேல் கடலைப் பார்த்து ஒரு கோயில் நின்றது. அதைச் சுற்றி மற்றவை பழைய நிலநடுக்கத்தில் விழுந்தபடியே கிடந்தன.

ஏணிப்பலகையில் முதல் ஆளாக ஹனான் இறங்கினாள். அவள் மேல் மாம்பழ நிறத்தில் ஒரு கோயம்புத்தூர்ச் சேலை. அவளுக்குப் பின்னால் வேட்டி கட்டிய எரித்திரியர்கள், போர்வை போர்த்திய சோமாலியப் பெண்கள். கடைசியாக ஒரு கிழவர் கண்ணாடி இல்லாமல் நின்றார். இருபத்தொன்பது கண்ணாடிதான் கிடைத்திருந்தது; ஊழியர் கண்ணாடியை மாட்டினால் வாசலில் தெரிந்துவிடும் என்று வைரவன் கையைப் பிசைந்தான்.

அப்போது சென்னியப்பன் அறையிலிருந்து வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். தன் கண்ணாடியைத் துடைத்து அந்தக் கிழவரின் மூக்கில் மாட்டி, காதோரம் சரிசெய்தார். "மெதுவாப் போங்க பெரியவரே. நீங்க இப்ப செனட்டர்" என்றார் தமிழில். கிழவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார்.

வாசலில் நின்ற காவலர்கள் சலிப்போடு பார்த்துவிட்டுத் தலையசைத்து எல்லாரையும் உள்ளே விட்டார்கள். அவ்வளவு சுலபமாக நடந்தது. அதைப் பார்த்தபோது பிரிஸ்காவுக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

கடைசித் தலை தூண்களுக்கு நடுவே மறைந்த பிறகு, துறை அதிகாரி ஒருவர் ஏணிப்பலகை ஏறி வந்தார். இள வயது. முகத்தில் கண்ணாடி. பிரிஸ்கா தன்னுடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"நேற்றுக் கடலில் ஆட்களை ஏற்றினீர்கள் என்று செய்தி. எங்கே அவர்கள்?"

"பாருங்கள்" என்றாள்.

அவர் தளத்தைப் பார்த்தார். கோயம்புத்தூர்க் கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருந்தது. நாற்காலிகளில், படிக்கட்டில், கைப்பிடி ஓரத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு. பிரிஸ்காவின் கண்ணாடியிலும் தளம் துடைத்துவிட்டது போல வெறிச்சோடியிருந்தது. ஆங்காங்கே மங்கலான நிழல்கள் மட்டும். காலைக் காபியின் வாசம் கப்பல் முழுக்க இருந்தது. அதிகாரி அதைக் கவனிக்கவில்லை.

"பயணிகள்?"

"முப்பது பேரும் இறங்கிவிட்டார்கள். உங்கள் வாசலில் பதிவாகியிருக்குமே."

அவர் கையிலிருந்த பலகைக் கணினியைப் பார்த்தார். கலிஸ்தா பயணிகளின் முப்பது கண்ணாடிகளும் உள்ளே கோயில்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தன. இன்னும் சிலது கப்பலில் இருப்பதாகக் காட்டியது.

"சிலர் இன்னும் இங்கே."

"கப்பல் ஊழியர்கள். கீழே வேலையாக இருக்கிறார்கள்."

சென்னியப்பன் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். தளமே அதிர்ந்தது. அதிகாரி திரும்பவில்லை. அவர் காதுக்கு அது ஏதோ ஒரு கடற்பறவை. சௌந்தரவல்லி நாற்காலியை விட்டு எழுந்து, மெல்ல நடந்து வந்து, அவருக்கு நேர் எதிரே நின்று முகத்துக்கு முகம் பார்த்தாள். அவருடைய பார்வை அவள் முகத்தின் மேலேயே இருந்தது. பிறகு அவளை ஊடுருவி அவளுக்குப் பின்னால் இருந்த கடலுக்குப் போனது.

"சரி. எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிரிஸ்கா கண்ணாடியைக் கழற்றினாள். சௌந்தரவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் மூச்சு விட்டா அவன் மேல படும். அவ்வளவு கிட்டத்துல நின்னேன்" என்றாள். "அவனுக்கு நான் இல்லம்மா."

"சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றார் ஸ்தாவ்ரோஸ் அறை வாசலில் நின்று. "உங்கள் உரிமம் போகும். கப்பலும் போகும். வழக்கு வந்தால் டால்ஃபின் கதையைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் வாயாலேயே நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் தயங்குவார்கள். ஆனால் வழக்குப் போடாமலும் விடமாட்டார்கள்."

"போடட்டும். நான் எங்கும் ஓடப் போவதில்லை. அந்தக் கதையை அவர்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்" என்றாள் பிரிஸ்கா.

"நானும்" என்றான் வைரவன்.

சௌந்தரவல்லி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணுமா என்ன? வந்தது எதுக்கு? வாங்க, இறங்குவோம்."

"வாசல்ல விடுவாங்களா?" என்றார் சென்னியப்பன்.

"தடுக்கணும்னா முதல்ல பாக்கணுமே."

அப்படித்தான் அவர்கள் இறங்கினார்கள். வேட்டியும் சேலையும் பூப்போட்ட சட்டையுமாக, காவலர்களின் மூக்குக்கு முன்னால், சத்தமாகப் பேசிக்கொண்டே வாசலைக் கடந்தார்கள். பிரிஸ்கா தன் கண்ணாடியைச் சுக்கான் மேடையிலேயே வைத்துவிட்டு அவர்களோடு நடந்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேட்டுக்கு ஏறியபோது, அந்தப் பக்கத்து வாசலுக்கு வெளியே வக்கீலின் வண்டி கிளம்பிப் போவது தெரிந்தது. உச்சியில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஆள் உயரத் தூண் துண்டுகள் வரிசையாகச் சாய்ந்து, விழுந்த நாளில் விழுந்த மாதிரியே கிடந்தன. இடுக்குகளில் காட்டுச் சோம்புச் செடி பூத்திருந்தது. கல்லின் மேல் பல்லிகள். யாரும் "அடேங்கப்பா" என்று சொல்லவில்லை. சென்னியப்பன் ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றார்.

பிரிஸ்கா அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். அந்த இடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். துடைப்பத்தோடு பெண்கள், கூடையோடு ஆண்கள், நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்பவர்கள், தள்ளுவண்டியில் குப்பை ஏற்றுபவர்கள். மூன்று வருஷமாக அவள் இங்கே வந்து போகிறாள். அவர்களில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஒருத்தி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். நடு வயது, தலையில் கட்டிய துணி. சுற்றுலாக்காரர்கள் நடக்கும் பாதையில் ஆள் வந்ததும் பழக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டாள்.

சௌந்தரவல்லி அவளுக்கு முன்னால் நின்று, கை கூப்பி, "வணக்கம்மா" என்றாள்.

அந்தப் பெண் துடைப்பத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். யாருக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே வெறும் கல்லும் வெயிலும்தான். மெல்ல முகத்தைத் திருப்பிச் சௌந்தரவல்லியைப் பார்த்தாள், பிறகு பிரிஸ்காவை, பிறகு அவர்களுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரையும். அவர்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் துடைப்பத்தைக் கல்லில் சாய்த்துவிட்டு, கையை உடையில் துடைத்துக்கொண்டு, நீட்டினாள்.